பிளாஸ்திரி வாடை

அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய மூக்கு ஒன்றும் இல்லை, சப்பை மூக்குதான். ஆனால் பீர் காய்ச்சும் சின்னச் சின்னப் பட்டறைகளில் அதற்கு இருந்த மரியாதை முதலாளிகளுக்கே கிடையாது. கோப்பையை ஒரு சுழற்றுச் சுழற்றி ஒரு இழுப்பு இழுத்தாரென்றால் போதும். "தொட்டிய சரியா கழுவல", "மூடி போடுறப்ப காத்து பூந்திருக்கு" என்று புட்டுப் புட்டு வைப்பார். கேட்டவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள்.

வெண்ணெய் வாடை, நனைந்த அட்டை வாடை என்று எதற்கும் அவர் அசர மாட்டார். பிளாஸ்திரி வாடை வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். வேண்டாத ஈஸ்ட் உள்ளே புகுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். பாட்டிலில் அடைத்த பிறகும் அது அடங்காது. மிச்சச் சர்க்கரையைத் தின்று தின்று வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். "இது பீர் இல்லய்யா, வெடிகுண்டு. சாக்கடையில ஊத்துங்க" என்பார். மறுபேச்சில்லாமல் ஊற்றுவார்கள்.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டதும் காப்பியைக் குடித்தார், வெந்நீர் மாதிரி இருந்தது. சோப்பு, வெங்காயம், பெயிண்ட் டப்பா, கடைசியில் தன் பழைய செருப்பு என்று வீட்டில் ஒன்று விடாமல் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. டாக்டர் கையை விரித்தார். வேறு தொழில் தெரியாத மனிதர். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகும் பீர் போட்டிகளுக்கு நடுவராகப் போனார் பாருங்கள், அதுதான் வெட்கக்கேடு. கசப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிந்தன, நுரை கண்ணுக்குத் தெரிந்தது. மற்றதற்குப் பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற வேதியியல் டீச்சர் இருந்தார். மார்க் போட்டு முடிக்கும்வரை நடுவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. டீச்சர் வாயைத் திறக்க மாட்டார்தான், ஆனால் அவர் புருவம் சும்மா இருக்காது. அது ஏறினால் மூக்கர் மார்க்கைக் குறைப்பார். "நம்ம ரெண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகுது பாத்தீங்களா!" என்று டீச்சர் பூரித்துப்போனார். திருட்டுப் பிழைப்பு என்று மூக்கருக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் அடுத்த போட்டிக்குக் கூப்பிட்டதும் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய ஒரே தங்கையும் அவள் கணவரும் வேலையை விட்டுவிட்டு, வாடகைக் கொட்டகை ஒன்றில் சொந்தமாகப் பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். முதல் தொட்டி தயாரானதும் அவருக்குத்தான் போன் வந்தது.

ஈரத்தரையில் ரப்பர் குழாயைத் தாண்டிக்கொண்டு போய் நின்றார். தங்கை கோப்பையை முகர்ந்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான், இன்னைக்கே அடைச்சிடுறோம்" என்றார் அவள் கணவர்.

மூக்கர் இழுத்தார். குடித்தார். பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கிப் புருவம் தேடினார். இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை.

"நல்லா வந்திருக்கு மாப்ள. அடைங்க."

சில வாரம் கழித்து, தங்கை பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்தது வெடித்தது. அடுக்கி வைத்திருந்ததில் இன்னும் சிலவும் சேர்ந்து வெடித்தன. கண்ணாடிச் சில்லு அவள் வலது கண்ணில் பாய்ந்துவிட்டது. அந்தக் கண் இனி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"மட்டமான பாட்டில தலையில கட்டிட்டான் மச்சான் அந்தப் பாட்டில்காரன். நீங்களே மோந்து பாத்துச் சொன்ன பீரு, அதுல என்ன கோளாறு இருக்கப்போகுது? அவன நான் சும்மா விட மாட்டேன்" என்று குமுறிவிட்டு, தங்கையின் கணவர் மருந்து வாங்கக் கீழே போனார்.

மூக்கர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தங்கையின் பாதி முகத்தைக் கட்டு மூடியிருந்தது. இந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அவர்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், திட்டாத" என்றாள் தங்கை. "அன்னைக்கே எனக்குப் பிளாஸ்திரி வாடை அடிச்சுது. நீ நல்லாருக்குன்னதும், என் மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சு வாய மூடிக்கிட்டேன். அவர்கிட்ட சொல்லிடாத."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். நாக்கு நுனிவரை வந்தது.

"இந்தக் கட்டுலயும் அதே வாடைதாண்ணா. மோந்து பாரேன். நான் சொல்றது சரிதானே?"

குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு, முன்பெல்லாம் கோப்பைக்குள் இழுப்பாரே, அப்படி ஆழமாக இழுத்தார். வெறும் காற்றுதான் உள்ளே போனது.

"ஆமாம்மா" என்றார். "அதே வாடைதான்."