குல்லாய் போட்ட பாக்கு

நேற்று இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சரம்மா, சாக்குக்கட்டி டின்னுல இன்னாவோ கடகடன்னுதே, அது இன்னா?" பாக்கு என்றேன். நம்பிவிட்டாள். வெற்றிலை போடாத டீச்சரம்மாவுக்குப் பாக்கு எதற்கு என்று கேட்கிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை.

அது பழைய பிஸ்கட் டின். மூடியிலிருந்த குதிரைவண்டிப் படத்தில் துரு ஏறி ஏறி, இப்போது வண்டி மட்டும் ஓடுகிறது, குதிரையைக் காணோம். மழைக்காலத்தில் திறந்தால் ஈரப்பாசி வாசனை வரும். கூட வேலை செய்யும் டீச்சர் முகர்ந்து பார்த்துவிட்டு, வெறும் துரு வாசனை என்கிறாள். அவளுக்கு அது துருதான். எனக்கு, சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் பழைய லைனும் மூங்கில் தட்டி வீடும் நைனாவின் கையும் அந்த டின்னுக்குள் இருக்கின்றன.

நைனாவின் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வடஆற்காட்டிலிருந்து வந்து தங்கச் சுரங்கத்தில் பாறை குடையப் போனவர். நாலைந்து வருடத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. சுரங்கத்துக் கேப்டன் துரை பங்களாவில் தோட்டவேலை கிடைத்த அன்று அம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். இனிமேல் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் நின்று இருட்டுக்குள் இறங்க வேண்டாம் என்பதைவிடப் பெரிய செல்வம் எங்கள் வீட்டில் அப்போது எதுவும் இல்லை. அவர் தொட்டது தழைக்கும் என்று லைன் முழுக்கப் பேச்சு. அவரைக்கொடி போடுகிறவர்கள் விதையை முதலில் நைனா கையில் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். வாசலில் காலி வெடிமருந்துப் பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றில் சுரையும் அவரையும் கீரையும் வளர்த்திருந்தார்.

அந்தப் பெட்டிகளால் எனக்கும் பெருமை உண்டு. அவற்றின் பக்கவாட்டில் கறுப்பு மையில் அச்சடித்த இங்கிலீஷ் எழுத்துகளை விரல் வைத்து உரக்கப் படிப்பேன். எங்கள் வம்சத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான். ஆண்களிலேயே யாரும் தொட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை, "வருது பாரு, நம்ம லைன் தொரசானி!" என்று கத்துவாள். கோபம் வந்ததுபோல் பின்னலைத் தூக்கிப் பின்னால் போடுவேன். உள்ளுக்குள் வெல்லம் கரையும்.

அந்தப் பெருமை நைனாவுக்கும் இருந்தது. கேப்டனின் துரைசானியிடம் ரோஜாவுக்குக் கவாத்து செய்யும்போதெல்லாம் என் படிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் டின் எங்கள் வீட்டுக்கு வந்தது.

சீமையில் துரைசானியின் தாயார் வீட்டு வாசலில் ஒரு ஓக் மரமாம். அது உதிர்த்த கொட்டைகளை அந்த அம்மாளே குனிந்து பொறுக்கி, ஈரப்பாசியில் பொதிந்து, அந்த டின்னில் அடைத்து, வளர்க்கும் முறையை ஒரு காகிதத்தில் எழுதிக் கப்பலில் அனுப்பியிருந்தார். துரைசானி பெங்களூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. திரும்ப ஒன்றரை மாதம் ஆகும். பங்களாவில் அணில் தொல்லை. "உன் வீட்டில் வை. பேப்பர் உன் பொண்ணு படிக்கட்டும்" என்று நைனாவிடம் கொடுத்துவிட்டுப் பங்காருபேட்டைக்கு ரயிலேறப் போய்விட்டார்.

டின்னைத் திறந்ததும் நைனா சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது, குல்லா போட்ட பாக்கு மாதிரி கீது!" அப்படித்தான் இருந்தன. பளபளவென்று, ஒவ்வொன்றின் தலையிலும் சொரசொரப்பான ஒரு தொப்பி. அதற்குள் பாக்கியம் அத்தையும் இன்னும் நாலு பேரும் கூடிவிட்டார்கள்.

"படி கண்ணு" என்றார் நைனா.

காகிதத்தை விரித்தேன். நான் படித்ததெல்லாம் அச்சு. அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஆளாக நிமிர்ந்து நிற்கும். இந்தக் கையெழுத்தில் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சாய்ந்து ஓடின. இரண்டு வார்த்தைகள்தான் பிடிபட்டன. அவையும் 'அந்த', 'அப்புறம்' போன்ற ஒன்றுக்கும் உதவாத வார்த்தைகள்.

"இன்னாடி, மூச்சு பேச்சே காணோம்? எழுத்த நீ படிக்கிறியா, எழுத்து உன்ன படிக்குதா?" என்றாள் பாக்கியம் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு, "மூணு நாளு நல்ல வெயில்ல காய வெச்சி, சாம்பல்ல பொரட்டி எடுத்து நடணும்னு போட்டுகீது" என்றேன். எங்கள் லைனில் பூசணிக்கும் சுரைக்கும் அதுதானே வழக்கம்.

நைனா ஒரு கொட்டையை எடுத்து விரலால் தடவினார். அதன் நுனி வெடித்து, வெள்ளையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேர் உட்டுகினு கீதே கண்ணு. ஈரத்துல சுத்தி வேற அனுப்பிகீறாங்க. காயப்போட்டா செத்துடாதா?"

"போட்டுகீறதத்தான் நான் படிச்சேன்."

என்னைப் பார்த்தார், எதிரே நின்ற பாக்கியம் அத்தையைப் பார்த்தார். பிறகு, "செரி, முறத்த எடுத்தா" என்றார்.

முதல் நாளே மினுமினுப்பு போயிற்று. மூன்றாம் நாள் ஆட்டினால் ஓட்டுக்குள் பருப்பு கடகடத்தது. நன்றாகக் காய்ந்துவிட்டதென்று நான்தான் ஊருக்கெல்லாம் ஆட்டிக் காட்டினேன். சாம்பலில் புரட்டிப் பெட்டிகளில் நட்டோம். தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற லைனில், நைனா தான் குளிப்பதைக் குறைத்து அவற்றுக்கு ஊற்றினார். தங்கப்பாறை பொடிக்கிற மில்லில் உலக்கைகள் இடிக்கிற இடியில் எங்கள் வீட்டுத் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வில் மண் விலகினாலும் முளைதான் வந்துவிட்டதென்று ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

துரைசானி திரும்பி வந்ததும் எங்கள் லைனுக்கே வந்துவிட்டார். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு கொட்டையைத் தோண்டி எடுத்துக் கல்லால் தட்டினார். உள்ளே கருகிய பொடி.

"காயப் போட்டாயா? காயக்கூடாது என்று பேப்பரில் இருக்கிறதே. இந்தப் பொண்ணு படித்துச் சொல்லவில்லையா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் நைனா முந்திக்கொண்டார். "அது செரியாத்தான் படிச்சிதுங்க. நான்தான் புத்தி கெட்டுப்போயி காயப்போட்டுட்டேன்."

பாக்கியம் அத்தை என்னைப் பார்த்தாள். அவள் வாய் சும்மா இருந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

தாயாரின் வீடு கைமாறிவிட்டது, இனி அந்த மரத்துக் கொட்டை வராது என்று மட்டும் துரைசானி சொன்னார். திட்டவில்லை. டின்னை எடுத்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த வாரம் பங்களாத் தோட்டத்தில் வேறு ஆள் நின்றான். நைனா சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, சங்கு ஊதியதும் பழையபடி சுரங்க ஷாப்டுக்கு நடந்தார். அவரை விதையைக் கொடுத்து வாங்க யாரும் வரவில்லை. வந்தாலும் அவர் தொட்டிருக்க மாட்டார். பெட்டிகளைப் பிரித்து அம்மா அடுப்பெரித்தாள். நான் மட்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

டீச்சர் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் கையெழுத்து எனக்கு வசப்பட்டது. லீவில் வந்து டின்னிலிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். ஒருநாள்கூடக் காயவிடாதே. தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளு, மூழ்குவதை நடு. வேர் விட்டது உடையாமல் பார்த்துக்கொள். கடைசியில் மகளுக்கு ஒரு வரி: என் கையெழுத்து கோழிக் கிறுக்கல், புரியாத இடத்தைக் கேட்டுக்கொள்.

நைனா அப்போது வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், அன்றைக்கு எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று. இருமல் நிற்கும்வரை காத்திருந்தார்.

"தெரியும் கண்ணு. படிக்கிற கண்ணு ஓடும். உன் கண்ணு நவுரவே இல்ல."

"அப்பறம் ஏன் நைனா காயப்போட்டே?"

"பாக்கியம் எதிர்ல நின்னுகினு இருந்தாளே."

அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

கேப்டன் குடும்பம் சீமைக்குப் போய்விட்டது. பாக்கியம் அத்தை மகனோடு கோரமண்டல் சுரங்கத்துப் பக்கம் போனாள் என்றார்கள். எங்கள் லைனின் தட்டி வீடுகளைப் பிரித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது, தங்கம் பிரித்தபின் மில் துப்பிய சயனைடு மண் மலைபோல் குவிந்திருக்கிறது. அதில் எருக்குகூட முளைப்பதில்லை. நட்டது போக முறத்தில் தங்கிய ஒரு கொட்டைதான் டின்னில் இருக்கிறது. நேற்று அந்தச் சிறுமியிடம் அதைப் பாக்கு என்றேன்.