மூக்கைத் தாழ்த்த மாட்டேன்

கழக்கூட்டம் என்ற ஊரில், விமானம் ஓட்டும் கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. பழைய காலத்து ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்றை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதன் வரைபடங்களையும் விமானிக்கான கையேட்டையும் படித்து, நிஜத்தில் எப்படியோ அப்படியே திரையிலும் ஓட வைக்க வேண்டும். ஆறு மாதம் அதே நினைப்பாக இருந்தேன்.

சோதித்துப் பார்த்தவர்களிடமிருந்து கேள்விகள் வந்தன. தரையில் ஓடும்போது முன்னால் ஒன்றுமே தெரியவில்லையே, ஏன்? இன்ஜினைக் கிளப்பும் முன் மூக்கில் இருக்கும் புரொப்பல்லரை எதற்குக் கையால் சுற்ற வேண்டும்? எல்லாவற்றையும் பிழை என்று பதிந்திருந்தார்கள்.

உட்கார்ந்து பதில் எழுதினேன். இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தவை; ஓடாமல் கிடந்தால் கீழ்ப்பக்கத்து சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிடாமல் கிளப்பினால் உள்ளே உடைந்துவிடும். பின்சக்கரம் வாலடியில் சின்னதாக இருப்பதால் மூக்கு தூக்கி நிற்கும். விமானி வளைந்து வளைந்து போய்த்தான் வழி பார்ப்பார். இவை பிழைகளே அல்ல.

எங்கள் டீம் லீடர் நாகர்கோவில்காரர். நேராக என் இடத்துக்கே வந்தார்.

"மேடம், மூக்கக் கொஞ்சம் தாழ்த்திருங்க. வெளயாடுறவனுக்கு முன்னால தெரியணும்லா."

"மாட்டேன் சார். அப்புறம் அது வேற விமானம்."

"யாருக்குத் தெரியப் போகு?"

"எனக்குத் தெரியும்."

அன்றைக்கே வேலையை இன்னொருவருக்கு மாற்றிவிட்டார். கரமனையில் இருக்கும் வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது, வேலையே போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை.

மூக்கைத் தாழ்த்தினார்கள். திரையில் முதல் ஓட்டத்திலேயே நீளமான புரொப்பல்லர் தரையில் இடித்து நொறுங்கியது. புரொப்பல்லரைக் குட்டையாக்கினார்கள். இழுவை போதாமல், ஓடுபாதை முடிந்தும் விமானம் எழும்பவில்லை.

மூன்றாம் நாள் லீடர் என்னைக் கூப்பிட்டார். "பழையபடி ஆக்கிக் குடுங்க."

"நான் எழுதின பதில்களை விளையாட்டுக்குள்ளயே போடணும். என்னைக் கேக்காம இனி யாரும் அதைத் தொடக் கூடாது."

"ரொம்பப் பிடிவாதம் உங்களுக்கு."

"ஆமா சார்."

வேறு வழியில்லாமல் சம்மதித்தார். தவறு தன்னுடையது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அந்த வருட மதிப்பீட்டில் என்னைப் பற்றி, 'வளைந்துகொடுக்கத் தெரியாதவர்' என்று எழுதியிருந்தார். கீழே என் கருத்துக்கு இடம் விட்டிருந்தது. 'சரிதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.