அழுகைக் காட்சியில் தையல் ஓடாது

நாளை ஆசிரியராக எனக்கு முதல் நாள். புதுக் காற்சட்டை தரையைக் கூட்டியது. நீளத்தைக் குறைத்துத் தைக்க, கம்போங் ராஜாவில் சரோஜா அக்காவின் தையல் கடைக்குப் போனேன்.

பழைய கால்மெஷின். அதன்மேல் சாய்த்து வைத்த கைப்பேசியில் அதைவிடப் பழைய நாடகம்.

நாடகத்தில் சண்டை என்றால் அக்காவின் கால்கள் பறக்கும். மாமியார் வாயைத் திறந்தார், ஒரே நிமிடத்தில் என் வலது கால் முடிந்தது.

பிறகு கதாநாயகி அழ ஆரம்பித்தாள். மெஷின் நின்றுவிட்டது.

"அக்கா, தானா ராத்தாவுக்கு அஞ்சு மணிக்குக் கடைசி பஸ்."

"இரு தம்பி. பிள்ளையத் தொலைச்சிட்டு நிக்கிறா. இப்பப் போயி உன் சிலுவாரைத் தைக்கச் சொல்றியே."

பத்து நிமிடம் பொறுத்தேன். சின்ன வயதில் அம்மாவோடு பார்த்த நாடகம்தான்.

"பிள்ளை கிடைச்சிடும்கா. பக்கத்து வீட்டுலதான் வளருது."

அக்கா மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்ப டிவியில போட்டப்ப கடைசி வாரம் எங்க லைன்ல கரண்ட் இல்ல. இருபது வருசமா முடிவு தெரியாம இருந்தேன்லா."

சட்டென்று பேச்சை மாற்றினேன்.

"இல்லக்கா, நான் வேற நாடகத்தச் சொல்லிட்டேன். இதோட முடிவு எனக்குத் தெரியாது."

அவர் முகம் தெளிந்தது. "அதானே பார்த்தேன். நீ பேசுனதுல அவ அழுதது பாதி கேக்கல," என்று அழுகையை முதலிலிருந்து வைத்தார்.

மணி ஐந்தேகால். பஸ் போய்விட்டது. இடது கால் இன்னும் ஊசிக்குக் கீழே.

இந்தக் கதாநாயகி எத்தனை நிமிடம் அழுவாள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தானா ராத்தா பக்கம் காரில் போகிறவர்களும் எழுதலாம்.