எட்டுப் பங்குக் கிணறும் ஆறு கரண்டித் தூளும்

கிணற்றுக்கு மருந்து போட வருகிறவனைச் சிரித்த முகத்தோடு உள்ளே கூப்பிட்ட வீடுகள், என் வேலைக் காலம் முழுவதிலும் இரண்டுதான். அதிலும் ஒரு வீட்டார் என்னைத் தபால்காரன் என்று நினைத்துத்தான் படலையைத் திறந்தார்கள். மின்சார மீட்டர் பார்க்கப் போனவர்கள், குடிசனக் கணக்கெடுப்புக்குப் போனவர்கள், பிள்ளைகளுக்கு ஊசி போடப் போனவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் சொல்வது உடனே விளங்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சுகாதாரப் பகுதியில் தொழிலாளி. முன்னால் பரிசோதகர் ஐயா மோட்டார் சைக்கிளில் போய்ச் சட்டத்தைச் சொல்லுவார். பின்னால் சைக்கிளில் குளோரின் தூள் டின்னோடு நான் போவேன். கதைக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். கயிறு விட்டுக் கிணற்றின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, எத்தனை கரண்டி என்று கொப்பியில் எழுதி வைப்பேன். அந்தக் காலத்தில் தூள் லேசில் வந்து சேராது. ஒரு கிணற்றில் கூடக் கொட்டினால் அடுத்த ஒழுங்கைக்கு இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கரையோரத்தில் ஷெல் விழ, வல்வெட்டித்துறைப் பக்கத்துச் சனம் நெல்லியடிப் பக்கம் இடம்பெயர்ந்து வந்து, ஒரு வீட்டில் மூன்று நான்கு குடும்பமாக இருந்தது. மாரி மழையும் சேர, வாந்திபேதி பரவியது. பின்னேரம் கிணற்றுக்குத் தூள் போட்டால் விடியும்வரை அள்ளக் கூடாது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், திறந்து வைத்த பலகாரம் விற்கக் கூடாது, நோய் வந்த வருத்தக்காரர் வீட்டுக்குப் போகக் கூடாது. இவைதான் கட்டளைகள். கீழே எழுதியிருப்பவை எல்லாம் ஒரே ஒடுங்கிய தெருவில், ஒரே ஒழுங்கையில், எட்டு வீட்டுக்குப் பொதுவான ஒரே கிணற்றடியில் நடந்தவை.

உறுதியில் கிடக்கு

அந்தக் கிணற்றில் எட்டு வீட்டுக்கும் எட்டுப் பங்கு. ஏழு வீட்டார் மூக்கைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தார்கள். எட்டாவது பங்கு சின்னத்துரையருடையது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் கலா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு தரம் தங்காமல் போனது. மருமகன் பாதை பூட்டியதால் கொழும்பில் மாட்டுப்பட்டிருந்தார். தூள் கலந்த தண்ணீர் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்று யாரோ சின்னத்துரையரின் காதில் போட்டிருந்தார்கள்.

ஒழுங்கையின் மூன்றாம் வீட்டில் ஏற்கெனவே ஒரு கிழவருக்கு வயிற்றோட்டம். இந்த நேரத்தில் கலாவுக்கும் வந்தால் தாயும் பிள்ளையும் தப்புவது கஷ்டம் என்று ஐயா என்னிடம் சொல்லியிருந்தார். ஆக, சின்னத்துரையரும் நானும் ஒரே பிள்ளைக்குத்தான் பயந்தோம். அவர் தூளுக்குப் பயந்தார், நான் தண்ணீருக்குப் பயந்தேன். இதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவர் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியைக் கையில் பிடித்தபடி கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றார்.

"ஏழு பங்குக்கும் வடிவாப் போடும், தம்பி. என்ரை எட்டிலொரு பங்குக்குள்ளை ஒரு பொட்டுத் தூளும் விழக்கூடாது. உறுதியிலை கிடக்கு."

மூடி வைத்த வடை

ஐயா வந்து கடுமையாகக் கதைத்த பிறகு, அந்தக் கிணற்றுக்கு நான் அளந்து வைத்த ஆறு கரண்டியும் உள்ளே விழுந்தது. சின்னத்துரையர் மறுநாள் தொடக்கம் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு வயல்கரைக் கிணற்றுக்குப் போனார். கட்டில்லாத கிணறு. மாடு குடிக்கிற இடத்தில்தான் ஆளும் அள்ள வேண்டும். தூள் விழாத கிணறு என்பது ஒன்றே அதன் சிறப்பு. இரவு பகலாக எனக்கு அந்தக் கான் இரண்டும்தான் கண்ணுக்குள் நின்றன.

ஒழுங்கை முனையில் மணியத்தின் தேத்தண்ணிக் கடை. என் சைக்கிள் தெரிந்ததும் வடைத் தட்டின் மேல் ஒரு வெள்ளைத் துணி ஏறும். நான் போனதும் இறங்கும். ஒரு நாள் கரண்டியை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். துணி மணியத்தின் தோளில் இருந்தது. ஈக்கள் தட்டில் இருந்தன. நான் தட்டையே பார்த்தபடி நின்றேன். அவனுக்கு அழுகை வருமாப் போல இருந்தது.

"மூடினால் ஈ வராது, உண்மைதான் அண்ணை. ஆனால் ஆளும் வராதே! மணம் றோட்டு மட்டும் போனால்தான் ஒருத்தன் சைக்கிளை நிப்பாட்டுவான். கலாப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்கிற ரெண்டு வடையை மட்டும் சட்டியிலை இருந்து நேரை எடுத்து, மூடித்தான் குடுத்து விடுறன். அதையும் உங்கடை கொப்பியிலை எழுதுங்கோ."

பத்து நிமிடம்

இரண்டாம் வீட்டுப் பரமேஸ்வரி நல்ல மனுசி. இடம்பெயர்ந்து வந்த மூன்று குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். நான் எண்ணியபடி அந்தக் கூரையின் கீழ் பதினேழு பேர். தண்ணீர் பத்து நிமிடம் கொதிக்க வேண்டும் என்ற கட்டளையைச் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் அடுப்படி விறகைக் காட்டினார். நனைந்த பனம் மட்டை நாலு, ஒரு கதிரையின் உடைந்த கால். மண்ணெண்ணெய் விற்ற விலையில் அது கண்ணில் காட்டக் கூட இல்லை.

"கிருமி சாகப் பத்து நிமிசம் வேணும் எண்டு ஐயா சொல்லுறார், சரி. எங்கடை அடுப்பு ஆறாம் நிமிசத்திலை செத்துப் போகுதே அண்ணை, அதுக்கு என்ன மருந்து வைச்சிருக்கிறியள்?"

கடுதாசியில் இல்லாத சொல்

மூன்றாம் வீட்டுப் படலையில், பத்து நாளைக்கு யாரும் உள்ளே வரக் கூடாது என்று ஐயா கடுதாசி ஒட்டினார். நான் கிணற்றடியில் நின்று எண்ணினேன். அன்று பின்னேரம் மட்டும் கிழவரைப் பார்க்க இருபத்து மூன்று பேர் போனார்கள். வருத்தம் பார்க்காவிட்டால் சனம் என்ன சொல்லும்? சிலர் கடுதாசியை நின்று முழுவதும் வாசித்துவிட்டு உள்ளே போனார்கள். இருபத்து மூன்றாவது ஆள் சின்னத்துரையர். கட்டிலில் குந்தி, கிழவரின் கையைப் பிடித்துக் கதைத்துவிட்டு வந்தார்.

அதே கிழமை ஆறாம் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தீட்டு, அதுதான் துடக்கு. கடுதாசியும் இல்லை, ஐயாவும் இல்லை. ஆனால் ஒரு குருவி அந்தப் படலையைத் தாண்டவில்லை. மணியம் சாமானை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிட்டான். சின்னத்துரையர் ஒழுங்கையின் மற்றக் கரையால் நடந்தார். நான் வேலியோரம் நின்று இதைப் பார்த்ததை, வாசலில் கால் நீட்டி இருந்த கலா கண்டுவிட்டாள். சிரித்தாள். கலா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"மாமா, கிருமி எண்டு எழுதினால் ஆர் பயப்படுவினம்? துடக்கு எண்டு எழுதி ஒட்டியிருந்தால் எங்கடை அப்பா அந்தப் பக்கம் தலை வைச்சும் படுத்திருக்க மாட்டார்."

ஒன்றிலிருந்து திரும்பவும்

வயல்கரைக் கிணற்றில் அள்ளிய ஒரு குடும்பத்தில் இரண்டு பேரை வண்டிலில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்கள். அன்று பின்னேரம் தூள் போட நான் போனபோது சின்னத்துரையர் பங்குக் கிணற்றடியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. கலா இரண்டு கிழமையாக அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருந்தாள். "போடும். நான் எண்ணுறன்" என்றார். வாளித் தண்ணீரில் தூளைத் தட்டையாக வழித்துப் போடப் போட, அவர் கச்சேரிக் குரலில் உரத்து எண்ணினார். நாலு என்றபோது பொம்பர் விமானம் இரைந்தது. எல்லாரும் பதுங்கு குழிப் பங்கருக்குள். இரண்டு குண்டு, எங்கோ தூரத்தில். வெளியே வந்து, காதை வானத்துப் பக்கம் வைத்தபடி கரண்டியை எடுத்தேன். அவர் "ஒண்டு" என்றார். நான் ஒன்று போட்டேன். ஆறுவரை போய், கலக்கிக் கிணற்றில் ஊற்றிவிட்டு வந்தேன்.

காலையில் டின்னை நிறுத்துப் பார்த்தபோது கொப்பிக் கணக்கைவிட நாலு கரண்டி குறைந்திருந்தது.  ஆட்கள் அள்ளத் தொடங்குமுன் ஒழுங்கைக்குச் சைக்கிள் மிதித்துப் போய், எட்டுப் படலையையும் தட்டினேன். "நான் பிழை விட்டிட்டன். பத்துக் கரண்டி விழுந்திட்டுது. நாளை விடியுமட்டும் அள்ள வேண்டாம்." அதே வசனம் எட்டுத் தரம். என் வாழ்நாளில் ஒரே காலையில் அவ்வளவு நான் கதைத்ததில்லை. பரமேஸ்வரி தலையில் கை வைத்தார். கடைசி வீட்டில், இனி இந்த மனிதர் வயல்கரைக்கே போய்விடுவார், எல்லாம் என்னால் கெட்டது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சின்னத்துரையர் தன் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"ஒண்டிலை இருந்து திருப்பி எண்ணினது நான்தானே, தம்பி. நானெண்டால் மூச்சு விட்டிருக்க மாட்டன். நீர் வந்து சொன்னீர் பாரும், இனி நீர் குடிக்கச் சொல்லுறதைத்தான் என்ரை பிள்ளை குடிக்கும்."

பிள்ளை பார்க்கப் போனது

கலாவுக்கு ஒன்றும் வரவில்லை. சொன்ன நாளிலேயே பெண் பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் சுகம் என்று மணியம் றோட்டில் மறித்துச் சொன்னபோது, நான் சைக்கிளை விட்டு இறங்கிச் சும்மா நின்றேன். வாந்திபேதி குறைந்திருந்தாலும் இன்னும் முற்றாகப் போகவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகு, குளிக்கிற சவர்க்காரக் கட்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டு போனேன். அந்த நாளில் சவர்க்காரம் பெரிய சாமான்.

படலையில் சின்னத்துரையர். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் வாளி, வாளிக்குள் தூள் மணம். சொந்தச் சகோதரியையே கை கழுவ வைத்து, காயும்வரை மறித்து வைத்திருந்தார். மனுசி முணுமுணுத்துக்கொண்டு நின்றார். சின்னத்துரையர் என் சவர்க்காரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன். உறையைக் கிழித்து என்னிடமே திருப்பி நீட்டினார். கழுவினேன். நகத்துக்குள்ளும் என்றார். அதையும் கழுவினேன். உள்ளே போகக் காலெடுத்தபோது குறுக்கே கையை நீட்டினார்.

"நீர் ஊரிலை இருக்கிற வருத்தக்கார வீட்டுப் படலை எல்லாம் தொட்டுப்போட்டு வாற ஆள், தம்பி. குறை நினையாதையும், முத்தத்திலை நிண்டு பாரும். கலா தூக்கிக் காட்டுவாள்."

ஒரு மனிதரையாவது கட்டளையைக் கேட்க வைத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டே, அந்தப் பிள்ளையின் முகத்தை முற்றத்து வெயிலில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.