அண்ணன் ஆஃப் ஆயிட்டாரு

ஆரோக்கியமேரிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் ‘ஆஃப்’ என்ற சொல்லோடுதான் அவள் பாதி வாழ்க்கையை ஓட்டினாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேண்டீனில் சாப்பாடு பரிமாறும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆஃப். புருஷன் சாலமோன் தேர்வாய் கண்டிகையில் ஒரு குடோனில் மூட்டை தூக்கினான். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை ஆஃப். அவள் வீட்டில் இருக்கும் நாளில் அவன் இருக்கமாட்டான். இரண்டு பேரும் சேர்ந்து சர்ச்சுக்குப் போவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான்.

சாலமோனுக்கு இன்னோர் ஆஃபும் இருந்தது. குடித்துவிட்டு குடோனுக்குப் பின்னால் விழுந்து கிடப்பான். கூட வேலை செய்யும் அன்பு போன் போடுவான். “அக்கா, அண்ணன் ஆஃப் ஆயிட்டாரு. வந்து இட்டுக்கினு போ.” மேரி ஆட்டோ பிடித்துப் போய் அள்ளிக்கொண்டு வருவாள்.

ஒருமுறை மகள் ஏஞ்சலும் பள்ளிக்கூடம் விட்ட கையோடு கூட வந்தாள். ஆட்டோ குலுங்கலில் தலை இடித்துக்கொள்ளாமல் இருக்க அப்பாவை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள்மேலேயே வாந்தி எடுத்தான். மறுநாள் காலையில் தெருக்குழாயடியில் அந்த யூனிஃபார்மைக் கசக்கிக் கசக்கித் துவைத்துக்கொண்டிருந்த சாலமோனைத் தெருவே பார்த்தது. அதோடு குடியை விட்டான்.

மேரி முதலில் நம்பவில்லை. வாசலிலேயே நிறுத்தி வாயை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாள். அவனும் கோபப்படாமல் வாயைத் திறந்து காட்டுவான். ஈஸ்டர் கழிந்தபோது அவள் முகர்வதை விட்டுவிட்டாள். “இன்னா, இன்னிக்கு செக்கிங் இல்லியா?” என்று அவனே கேட்டுச் சிரித்தான்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. மத்தியானப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்த மேரிக்குப் போன் வந்தது. அன்பு. பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

“அக்கா, அண்ணன் ஆஃப் ஆயிட்டாரு. சீக்கிரம் வாக்கா!”

மேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் நம்பினேனே என்றிருந்தது.

“மறுபடியுமா? கெடக்கட்டும் அங்கியே. நான் வரமாட்டேன்.”

“ஐயோ, இல்லக்கா...”

அதற்குள் அவள் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டாள். கடைசிப் பந்திவரை பரிமாறினாள். பாத்திரம் கழுவும்போது, அவன் வந்ததும் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையும் முள்ளாக இருந்தது.

டூட்டி முடிந்து வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரில் அன்பு பைக்கைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

“அண்ணன் குடிக்கலக்கா. ஒரு சொட்டு கூட. மூட்டை தூக்கினு வரப்போ மயங்கி உழுந்துட்டாரு. நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. எவ்ளோ வாட்டி அடிச்சேன், உன் போன் போவவே இல்ல.”

“இப்போ எப்பிடி கீறாரு?”

அன்பு தலையைக் குனிந்துகொண்டான். “ஆம்புலன்ஸ்ல ஒருவாட்டி கண்ணத் தொறந்தாரு. ‘மேரி வராளா’ன்னு கேட்டாரு. வந்துக்கினே கீதுன்னு சொன்னேன்க்கா.”

மேரி அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அன்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள். “மயக்கம்னு சொல்ல வாய் வரலியா உனக்கு?” மேரி எழுந்து போய் அவன் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அதற்குப்பின் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளிடம் மேரி கேட்டாள்.

“ஏஞ்சல், உன் டிக்‌ஷனரில ஆஃப்னா இன்னா போட்டுக்குது?”

ஏஞ்சல் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை எடுத்துப் பிரித்து மெதுவாக வாசித்தாள். “விலகி. அப்பால். நின்றுபோன. வேலை இல்லாத நாள். கெட்டுப்போன.”

“மயங்கி உழறதுன்னு போட்டுக்குதா?”

“இல்லம்மா.”

“குடிச்சிட்டு உழறதுன்னு?”

“அதுவும் இல்ல.”

“அப்போ நான் மட்டும் எங்கேருந்து அந்த அர்த்தத்த எடுத்தேன்?”

“நீ எடுக்கலம்மா. அப்பா குடுத்ததுதான்.”

மேரியின் கை தானாக எழுந்து மகளின் கன்னத்தில் விழுந்தது. ஏஞ்சல் அழவில்லை. அடித்தவள்தான் அழுதாள். மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, வாய்விட்டு, தெருவில் கேட்கும்படி அழுதாள்.

மேரி மறுபடி கேண்டீனுக்குப் போகிறாள். பந்தி நடக்கும்போது போனைத் தொடக்கூடாது என்று சூப்பர்வைசர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எந்த நம்பரிலிருந்து வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். போன வாரம் யாரோ ஒரு பெண், பெரியபாளையம் பக்கம் மனை விற்பதாகச் சொன்னாள். ரோட்டுக்குப் பக்கம், நல்ல தண்ணி, கோயிலுக்கு நடந்தே போகலாம் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

“நீங்க இன்னும் ஒன்னும் சொல்லலியே மேடம்?” என்றாள் அந்தப் பெண்.

“நீ சொல்லி முடிம்மா,” என்றாள் மேரி. “நான் போனை வெக்கமாட்டேன்.”