குழி வைத்த செருப்பு

ராக்கம்மாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஜப்பான்காரன் வந்த பிறகு மலாயாவின் லாபு ரப்பர் தோட்டத்துக் கடையில் துணி இல்லை, சவர்க்காரம் இல்லை, ஊசிகூட இல்லை. மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். இவள் குப்பையைக் கிளறினாள். கோணிச்சாக்கு கால்சட்டையானது. பால் டின் விளக்கானது. சைக்கிள் கம்பியைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கினாள். சும்மா சொல்லக்கூடாது, கைகாரிதான்!

ஆனால் அந்த மாதம் அவளுக்கே வழி தெரியவில்லை. புருஷன் நல்லசாமிக்குக் குதிகாலில் புண். காலை ஊன்ற முடியவில்லை. வேலைக்குப் போகாதவனுக்கு அரிசி கிடையாது. பதினெட்டு நாளாய் மரவள்ளிக் கிழங்குதான்.

பக்கத்து வீட்டுத் திருநாவுக்கரசு, ராசா ஊருக்குப் போகும் சாலையோரம் எரிந்து கிடந்த லோரியிலிருந்து ஒரு துண்டு டயரும் டியூப்பும் அறுத்து வந்தான்.

"இதுக்கு ஒரு வழி பண்ணுங்க அண்ணி."

பண்ணினாள். பால்வெட்டுக் கத்தியால் டயரை அடியாக வெட்டி, டியூப்பை வாராக்கி, குதிகால் புண் படுகிற இடத்தில் மட்டும் ஒரு குழி தோண்டினாள். குழியில் பழந்துணி. நல்லசாமி போட்டு நடந்தான். நொண்டவே இல்லை! அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க வரிசை நின்றபோது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியோடு இரண்டு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். முன்பு போனவர்களில் ஒருவனும் இன்னும் திரும்பவில்லை. ஒவ்வொருவனையும் நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நேராக நடந்தவன் லோரிக்கு, நொண்டியவன் வீட்டுக்கு.

நல்லசாமி ராஜநடை நடந்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை!  ஜப்பான் அதிகாரியின் கம்பு லோரிப் பக்கம் திரும்புவதற்குள் ராக்கம்மா வரிசைக்குள் பாய்ந்தாள்.

"யோவ்! எனக்குன்னு செஞ்ச செருப்ப எவன்யா உன்னப் போடச் சொன்னது? கழட்டுலா!"

"ராக்கு, என்னடி இது..."

அவள் அதற்குள் காலைப் பிடித்து உருவிவிட்டாள். துணியும் கூடவே வந்தது. புண் திறந்து சீழ் வடிந்தது. நல்லசாமி தரையில் கால் வைத்ததும் "ஐயோ" என்று மடிந்தான். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, போ என்று கம்பை ஆட்டினான்.

அடுத்தவன் திருநாவுக்கரசு. வெறுங்காலோடு நேராகத்தான் நடந்தான். கம்பு லோரியைக் காட்டியது.

ராக்கம்மா கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். ஓடிப்போய் அவன் காலடியில் வைத்தாள்.

"அண்ணனுக்கு?"

"அவரு லயத்து வீட்டுக்குள்ளதான் நடக்கப் போறாரு. குழியில துணிய அடைச்சுக்க தம்பி, உறுத்தும்."

அவள் கை அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. சாக்கு, டின், கயிறு, எதையாவது செய்தபடி இருந்தது. செருப்பு மட்டும் செய்யவில்லை. யார் கேட்டாலும் எரிந்து விழுந்தாள்.

சண்டை முடிந்து, சயாம் போனவர்கள் திரும்பிய லோரி தோட்டத்துக்கு வந்தது. எல்லாரும் முகம் பார்க்க ஓடினார்கள். ராக்கம்மா குனிந்து கால்களைப் பார்த்தாள். பதினோரு பேர் இறங்கினார்கள். ஒருவன் காலிலும் செருப்பு இல்லை.