அறந்தாங்கியில் எட்டாம் எண் மீட்டர்

அறந்தாங்கிக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மனைவியின் தம்பி ஜமாலுக்கு அங்கே கீழும் மேலுமாகப் பன்னிரண்டு கடைகள் கொண்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. ஜமால் இருப்பது குவைத்தில். மின்வாரிய இணைப்பு கட்டடம் முழுவதற்கும் ஒன்றுதான். கடைக்கு ஒரு மீட்டர் உள்ளே வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் அதைப் படித்து, அவரவர் பங்கை வாங்கிக்கொள்வது ஏற்பாடு. மாதாமாதம் சண்டையும் உண்டு.

மீட்டரைத் தானே படித்து, பில்லைத் தானே போட்டு, வாடகைக்காரரின் கைபேசிக்கு அனுப்பிவிடும் மென்பொருள் ஒன்று இருப்பதாக ஜமாலுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நிறுவும்போது வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். முப்பத்தோரு வருடம் செய்தி எழுதிவிட்டு வீட்டில் இருப்பவனுக்கு இதைவிட என்ன வேலை என்று குடும்பத்தில் முடிவு செய்துவிட்டார்கள். இந்த செப்டம்பரில், ஒரு செவ்வாயும் புதனும் இதற்குப் போயின. சொந்த ஊரில் கடைகளை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் இதே வேலையாகக் கிளம்பினால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் காலை 5.50-க்குப் புதுக்கோட்டை வண்டி. கட்டணம் 45 ரூபாய். கந்தர்வகோட்டையில் ஐந்து நிமிடம் நின்றது. ஆதனக்கோட்டை தாண்டும்போது முந்திரி வறுக்கும் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, பக்கத்து இருக்கைக்காரர் தூக்கத்திலேயே தும்மினார். 7.35-க்குப் புதுக்கோட்டை. கால் முட்டி இறங்கும்போதே வலித்தது. நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி, ஒரு காபி, 62 ரூபாய்.

மென்பொருளை நிறுவ வேண்டியவர் ரேவதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். திருச்சியிலிருந்து ஒரு தோள்பையும் ஒரு அட்டைப்பெட்டியுமாகப் புதுக்கோட்டை நிலையத்துக்கு வந்திருந்தார். அட்டைப்பெட்டிக்கு நடத்துநர் தனி டிக்கெட் கேட்டதில் அவருக்குக் காலையிலேயே அலுப்பு. அறந்தாங்கி முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் வண்டி எல்லா நிறுத்தத்திலும் நின்று 9.20-க்குப் போய்ச் சேர்ந்தது. பேருந்து நிலையத்திலிருந்து கட்டடம் நடந்தால் பத்து நிமிடம். அட்டைப்பெட்டிக்காக ஆட்டோ, 60 ரூபாய்.

மேலாளர் சுல்தான் பாய் வாசலில் நின்றிருந்தார். பதினெட்டு வருடமாக அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். ஜமாலின் வீட்டில் பெண் எடுத்தவன் என்பதால் இந்த வயதிலும் நான் அவருக்கு மாப்பிள்ளை.

“வாங்க மாப்ள. மெஷின் வந்தா எம் பாடு விடிஞ்சுரும். முப்பதாம் தேதிக்குள்ள ஒம்போதாம் நம்பர் தையக்கடையக் காலி பண்ணச் சொல்லியாச்சு. அதோட சண்டையும் ஓஞ்சுது.”

ஒன்பதாம் எண் கடையில் இருப்பவர் செல்வி. ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை தைப்பவர். கடை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று தையல் மெஷினுக்கு அவருக்கு வரும் மின் பில் ஒரு சிறிய ஓட்டலுக்கு வருகிற அளவு. ‘நான் இவ்வளவு எரிக்கவில்லை’ என்று சொல்லி, நான்கு மாதமாக அவர் பில்லைக் கட்டவில்லை. ராத்திரியில் யாருக்கோ ஒயர் இழுத்து விடுகிறார் என்பது சுல்தான் பாயின் சந்தேகம்.

மாடிப்படிக்குக் கீழே பூட்டிய சிறிய அறையில் மீட்டர்கள் வரிசையாக இருந்தன. 1 முதல் 12 வரை பெயிண்ட்டில் எண். ரேவதி அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு சிறிய கருவியை எடுத்துச் சுவரில் பொருத்தி, ஒவ்வொரு மீட்டரிலிருந்தும் இரண்டு கம்பிகளை அதற்கு இழுத்தார். மின்விசிறி இல்லாத அறை. 1.45-க்கு எல்லா மீட்டரின் எண்ணிக்கையும் அவருடைய மடிக்கணினியில் தெரிந்தது. நான் செய்தது டார்ச் பிடித்தது மட்டும். சாப்பாடு எதிர்க்கடையில், ஆளுக்கு 110 ரூபாய். மீன் குழம்பு நன்றாக இருந்தது.

பிறகு பட்டியல் ஏற்றும் வேலை. கதவு எண், வாடகைக்காரர் பெயர், மீட்டர் எண், யூனிட் விலை, பொதுச் செலவில் பங்கு, பழைய பாக்கி. சுல்தான் பாய் தன் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ரேவதி தட்டினார். கதவு எண்கள் 1 முதல் 7, பிறகு 9 முதல் 13. எட்டு கிடையாது. நம் பக்கத்தில் எட்டாம் எண்ணை யார்தான் விரும்புகிறார்கள், நான் அதைக் கவனித்ததாகக்கூடச் சொல்ல முடியாது.

“அப்ப எட்டாம் நம்பர் மீட்டர் யாரோடது?” என்று ரேவதி கேட்டார்.

“அது பொதுங்க. மோட்டரு, மாடிப்படி லைட்டு. எல்லாருக்கும் பிரிச்சுருவேன்.”

“பதிமூணாம் கடைக்கு?”

“அதுக்கு மீட்டரே வைக்கல. மாசம் முந்நூறுன்னு பேசி வாங்கிக்கிறேன்.”

ஜமால் தொலைபேசியில் சொல்லியனுப்பிய விஷயம் ஒன்று இருந்தது. பழைய பாக்கியை அப்படியே ஏற்ற வேண்டும். பாக்கி பத்து நாளுக்கு மேல் நின்றால் அந்தக் கடைக்கு மின்சாரம் தானாக நிற்கும் வசதி அந்த மென்பொருளில் உண்டு, அதையும் போட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் முப்பதாம் தேதி வரை செல்வி காத்திருக்கத் தேவையில்லை, அதற்கு முன்பே கடை இருண்டுவிடும். மணி 3.40. நாலேகாலுக்கு ஒரு வண்டி இருந்தது. வியர்வையும் முட்டி வலியுமாக இருந்த நான், “ஏற்றிவிடுங்கள்” என்று சொன்னேன். ஒரு செய்தியை உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்பியிருந்தால் என் கீழே வேலை பார்த்தவர்களை நான் என்ன பேசியிருப்பேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ரேவதி ஏற்றவில்லை. “சார், ஒரு தடவ மோட்டரப் போடச் சொல்லுங்க. பாத்துட்டு ஏத்துறேன்.”

ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சிறிய சிவப்பு விளக்கு இருக்கிறது. மின்சாரம் ஓடும் வேகத்துக்கு அது மினுங்கும். சுல்தான் பாய் போய் மோட்டரைப் போட்டார். மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டாம் மீட்டரின் விளக்கு முன்பு எப்படியோ அப்படியே, சோம்பலாக மினுங்கியது. மோட்டர் அந்த மீட்டரில் இல்லை.

“அப்ப இது எவன் மீட்டரு?” என்று சுல்தான் பாய் என்னைக் கேட்டார்.

நாலேகால் வண்டி போயிற்று. ரேவதி மீட்டர் அறையில் நிற்க, நானும் சுல்தான் பாயும் கடை கடையாகப் போய், “ரெண்டு நிமிசம் மெயினை அணைச்சுப் போடுங்க” என்று கேட்டோம். சலூன்காரர் பாதிச் சவரத்தில் இருந்தார், மறுநாள் வரச் சொல்லிவிட்டார். ஒன்று முதல் ஏழு வரை சரியாக இருந்தது, சலூன் நீங்கலாக. ஒன்பதாம் கடையில் செல்வியிடம் சொன்னபோது அவர் எழுந்திருக்கவில்லை.

“அணைக்க இங்க என்னண்ணே ஓடுது? ஒரு ட்யூப் லைட்டு. வேணா அதையும் அணைச்சுக்கங்க.”

உண்மைதான். மின்விசிறி நின்றிருந்தது. மெஷின்களின் மோட்டரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துக் கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி அந்தக் கடையில் இல்லவே இல்லை. துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்து வருகிறாராம். மெயினை அணைத்தார். கீழேயிருந்து ரேவதி குரல் கொடுத்தார்: “எட்டு நின்னுருச்சு. ஒம்போது ஓடிக்கிட்டே இருக்கு.”

ஒன்பதாம் மீட்டர் நின்றது அடுத்த கடையை அணைத்தபோது. அது பத்தாம் எண், காதரின் ஐஸ்கிரீம் கடை. மூன்று ஃப்ரீசர். பத்தாம் மீட்டர் பதினொன்றாம் கடைக்கு, அது செல்போன் பழுது பார்க்கும் இடம். இப்படியே போய், மீட்டரே இல்லை என்று சொல்லப்பட்ட பதிமூன்றாம் கடைக்குப் பன்னிரண்டாம் மீட்டர்.

சுல்தான் பாய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொன்னார். கட்டடம் கட்டியபோது கடைகளுக்கு 1 முதல் 12 வரைதான் எண் இருந்தது. எட்டாம் எண்ணை எடுக்க ஒரு வருடத்துக்கும் மேல் ஆள் வரவில்லை. வந்த இருவர் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சுல்தான் பாய் பெயிண்டரைக் கூப்பிட்டு எட்டை ஒன்பதாக்கி, பின்னால் இருந்தவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். அடுத்த வாரமே ஆள் வந்தது. பூட்டிய அறைக்குள் இருந்த மீட்டர் எண்களை யாரும் மாற்றவில்லை. அப்போது கணக்கெடுத்த எலெக்ட்ரீஷியனுக்கு எது எந்தக் கடை என்று மனப்பாடம். அவர் வெளிநாடு போனபின், செல்வி வருவதற்குக் கொஞ்சம் முன்பு, சுல்தான் பாய் தானே படிக்கத் தொடங்கினார். எண்ணைப் பார்த்துப் படித்தார்.

“எட்டுன்னு மட்டும் அந்தப் புள்ளைக்குத் தெரிய வேணாம் மாப்ள. கேட்டா அதுக்காகவே காலி பண்ணிட்டுப் போயிரும்.”

செல்வி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “சனி எட்டுல இல்ல பாய். எனக்கு ஒம்போதுல வந்துச்சு.”

காதரையும் கூப்பிட்டார்கள். “மூணு ஃப்ரீசரு ஓட்டுறவன், பில்லு கம்மியா வருதேன்னு நீயாச்சும் கேக்கக் கூடாதாப்பா?” என்றார் சுல்தான் பாய்.

“கம்மியா வர்ற பில்ல எவன் பாய் போயிக் கேப்பான்? நீங்க கேப்பீங்களா?” என்றார் காதர்.

அன்று இரவு விடுதி அறை 750 ரூபாய், சுத்தமாக இருந்தது. ஜமாலிடம் பேசினேன். இனிமேல் சரியாக எடுப்போம், பழையதைக் கிளற வேண்டாம் மச்சான் என்று தொடங்கினான். அரை மணி நேரம் ஆயிற்று. செல்வியின் பாக்கி பூஜ்யம், இதுவரை கூடுதலாகக் கட்டியது வாடகையில் கழியும், கடையைக் காலி செய்யத் தேவையில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டான்.

புதன் காலை சலூனை அணைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. பட்டியலில் மீட்டர் எண்களை மாற்றி ஏற்றுவதற்கு ரேவதிக்குப் பதினைந்து நிமிடம்தான் பிடித்தது. இதுவரை எந்த மீட்டரிலும் சேராமல் மெயினிலிருந்து நேராக ஓடிய மோட்டருக்கும் மாடிப்படி விளக்குக்கும் தனி மீட்டர் ஒன்று வாங்கினோம், 1,150 ரூபாய். பிறகு நான் செல்வியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மகிழ்ச்சி எதையும் அவர் காட்டவில்லை. என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், படி ஏறும் இடத்துச் சுவரைக் காட்டினார். ‘மின் கட்டணம் செலுத்தாதோர்’ என்று ஒரு தாள். கீழே ஒரே ஒரு பெயர். நேற்றிலிருந்து ஏழெட்டு முறை நான் அதைக் கடந்து ஏறி இறங்கியிருக்கிறேன்.

“நாலு மாசமா எம் பேரு இங்கன தொங்குது. துணி தைக்கக் குடுக்க வாரவுக எல்லாம் படிச்சுட்டுத்தான் மேல வருவாக. அட்வான்ஸ் குடுக்கக் கூட ரோசிச்சாக. முப்பதாம் தேதி போறதுக்கு வேற கடை பாத்து வச்சுருக்கேன். இங்கயே இருக்கணும்னா, இதக் கிழிச்சா மட்டும் பத்தாது. அதே எடத்துல எழுதி ஒட்டுங்க. நாலு மாசம் அதுவும் தொங்கட்டும்.”

ஜெராக்ஸ் கடையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி நானே எழுதினேன். ‘9-ஆம் எண் கடைக்குத் தவறுதலாகக் கூடுதல் மின் கட்டணம் கணக்கிடப்பட்டது. செல்வி அவர்கள் செலுத்த வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.’ அவர் இரண்டு முறை படித்தார்.

“தவறுதலான்னா யாரு தவறுண்ணே? நான் ஏதோ தப்புப் பண்ணி, பாவம்னு விட்டுட்டாங்கன்னுல்ல படிப்பாக.”

யார் செய்தது என்று சொல்லாமல் தவறை மட்டும் சொல்கிற அந்த வாக்கியத்தைப் பத்திரிகையில் நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். உள்பக்கத்தில், சிறிய எழுத்தில் வரும். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அடித்துவிட்டு, ‘மேலாளர் மீட்டரை மாற்றிப் படித்ததால்’ என்று எழுதினேன்.

சுல்தான் பாய் பேனாவை வாங்கியும் கையெழுத்துப் போடவில்லை. “மேலாளர்னு போடணுமா? நிர்வாகம்னு போட்டா ஆகாதா?”

“நிர்வாகம்னா யாரு பாய்? அங்கிட்டு ஒக்காந்துருக்காகளா?” என்று செல்வி காலியாகக் கிடந்த வாசல் பக்கம் கை காட்டினார்.

சுல்தான் பாய் சிரித்துவிட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார். பழைய தாளை அவரே கிழித்தார். புதியதை ஒட்டியதும் செல்வி உள்ளே போய்க் கழற்றி வைத்திருந்த மெஷின் மோட்டரைத் தேடத் தொடங்கினார். நானும் ரேவதியும் 1.10 வண்டியில் ஏறினோம். அவர் புதுக்கோட்டை வரை தூங்கினார், எனக்குத் தூக்கம் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். மென்பொருளை நிறுவ ஒரு நாள் போதும், ஆனால் இரண்டு நாளாகத் திட்டமிடுங்கள். இரண்டாவது நாள், கடை கடையாக மெயினை அணைத்து எந்த மீட்டர் நிற்கிறது என்று பார்ப்பதற்கு. சலூனுக்குக் காலை பத்துக்கு முன் போங்கள். மேலாளரின் நோட்டு எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதைப் பார்த்து ஏற்றாதீர்கள். பழைய பாக்கியையும் தானாக நிறுத்தும் வசதியையும் முதல் மாதம் தொடாதீர்கள், உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் சரி. திரும்பும் வண்டியின் நேரத்தை நிறுவுகிற ஆளிடம் சொல்லாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து போய்வர, ஒரு ராத்திரித் தங்கலோடு, எனக்கு ஏறத்தாழ 1,400 ரூபாய் ஆயிற்று. மீட்டர் விலை இதில் சேராது.

இரண்டு வாரம் கழித்துச் சுல்தான் பாயைக் கூப்பிட்டேன். முதல் பில் எல்லோருக்கும் கைபேசியில் போய்விட்டது, காதர் மட்டும் சண்டைக்கு வந்தார் என்றார். சுவரில் இருந்த தாளைப் பற்றிக் கேட்டேன். மழைச் சாரலில் மை கரைந்துவிட்டது என்றும், அதோடு போகட்டும் என்று தான் சும்மா இருந்ததாகவும் சொன்னார். மறுநாள் காலை வந்து பார்த்தால், ஜெராக்ஸ் கடையில் புதிதாக டைப் அடித்து, லேமினேட் செய்து, செல்வி கொண்டுவந்து நின்றாராம். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் பிளாஸ்டிக்குக்குள் போகாதபடி வெட்டி விட்டிருந்ததாம்.